முதல்ல கலங்கலாத்தான் வரும்

– இது என்ன மாமா?

– எது?

– என் கைல இருக்கே, வெள்ளையா, பாதி கரைஞ்சு. வாஷ்பேசின்ல தண்ணி இறங்கலயேன்னு அடியில இருக்கற வளைவு பைப்பை, அந்த டிராப்பைக் கழட்டினேன். உங்க யூரிக் ஆசிட் மாத்திரை உள்ள உக்காந்திருக்கு.

– நீயா கழட்டின? கையாலயா, ரிஞ்ச் போட்டா?

– கையாலதான். வாஷர் பத்திரமா இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.

– பிளம்பர் வீட்டுக்கு வாக்கப்பட்டது வீண்போகல. சரி விடும்மா. ஒரு வாரமா துப்பிட்டுத்தான் இருக்கேன்.

– ஒரு வாரமா?

– இந்தக் கட்டைவிரலைப் பாரு, தக்காளி மாதிரி. போர்வை பட்டாக்கூட உயிர் போகுது. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா ஒரு வலி உண்டா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

– டாக்டர் அன்னிக்கே சொன்னார். ஆரம்பத்துல வலி ஒரு தடவை கூடலாம், நீங்களா நிறுத்தாதீங்க, என்கிட்ட வாங்கன்னு. எழுந்திருங்க, ஏழு மணி வரைக்கும் இருப்பார்.

– இந்தக் காலோட வாசப்படி தாண்ட முடியாது. அவருக்கென்ன, அவர் விரலா வீங்குது?

– மாமா, சுடுதண்ணி பைப்ல உப்பு அடைச்சா நீங்க என்ன செய்வீங்க?

– மருந்தை விட்டு ஊறவெச்சு, குழாயத் திறந்து விடுவேன். அதுக்கென்ன இப்ப?

– முதல்ல என்ன வரும்?

– கலங்கலாத்தான் வரும். பொருக்குப் பொருக்கா, சுண்ணாம்பா.

– வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா?

– எங்க இருக்கான்? நல்லா வந்துட்டிருந்த தண்ணியக் கெடுத்துட்டியேம்பான். ‘சார், இது புதுசா வந்த அழுக்கு இல்ல, உள்ள கெடந்தது கெளம்புது, குழாய மட்டும் மூடிடாதீங்க’ன்னு... அடிப்பாவி.

– நீங்க மூடிட்டீங்க.

– நல்லா மடக்கற. ஆனா எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அறுபத்தஞ்சு ஆச்சு. வேலைப் பையைப் பிள்ளை கைல குடுத்துட்டு உக்காந்தேன். போன வருஷம் அவனும் போய்ச் சேந்துட்டான். இனிமே பைப்பைச் சுத்தம் பண்ணி யாருக்குத் தண்ணி விடப்போறேன்?

– உங்க பிள்ளையும் விரலை மட்டும்தான் பாத்தார். கடைல வலி மாத்திரையா வாங்கி முழுங்கிட்டு ஏணி ஏறினார். பிரஷர் ஏறினதும் தெரியல, கிட்னி சுருங்கினதும் தெரியல. கால் வீங்கி செருப்பு நுழையாம போனப்பதான் தெரிஞ்சுது.

– அதை எடுக்காத.

– எடுப்பேன். விரல் சும்மா வெளிய தெரியற இடம் மாமா. பிரஷரும் கிட்னியும் கெடாம இருக்கத்தான் ரத்தத்துல இருக்கற அந்த யூரிக் ஆசிட் உப்பை இறக்கறோம். உங்களுக்கு இன்னும் முக்காவாசி கிட்னி வேலை செய்யுது. அதை நான் விடறதா இல்ல.

– பெத்தவகூட என்னை இப்படி மிரட்டல. ஏம்மா, உங்க அண்ணன் கூப்பிட்டுட்டே இருக்கான். பிள்ளையோட அங்க போய் நிம்மதியா இரேன். இந்தக் கிழவன் காலைக் கட்டிக்கிட்டு ஏன் மல்லுக்கு நிக்கற?

– போன வாரம் உங்களுக்கு ரத்தம் எடுத்தப்போ, உங்க பேத்திக்கும் எடுக்கச் சொன்னேன்.

– அவளுக்கெதுக்கு? பதினாறு வயசுப் பிள்ளைக்கு?

– மத்தியானம் ரிசல்ட் வந்துச்சு. அவளுக்கும் யூரிக் ஆசிட் கூடத்தான் இருக்கு. வம்சமா வர்றதா இருக்கலாம்ங்கறார் டாக்டர். கிட்னிக்கு இன்னும் ஒண்ணும் ஆகலயாம்.

– மெதுவாப் பேசு. உள்ளதான் படிச்சிட்டிருக்கா.

– அவளுக்குத் தெரியும் மாமா. ‘நானும் அப்பா மாதிரி போயிடுவேனா’ன்னு கேட்டா.

– நீ என்னம்மா சொன்ன?

– ‘தாத்தாவுக்கும் இதேதான். தினம் மாத்திரை போடறார், எப்படி இருக்கார் பாரு’ன்னேன். சிரிச்சா. அதுக்கப்புறம்தான் கை கழுவப் போனேன், தண்ணி இறங்கல.

– என் செருப்பை எடு. நுழையலேன்னா வெறுங்காலோட வர்றேன். அவளையும் கூப்பிடு, கூட வந்து பாக்கட்டும்.