காலியாகக் கிடந்த ஜன்னலோர நாற்காலி

விழாத் தலைவர் அவர்களே, விருது பெற வந்திருக்கும் வித்தகர்களே, பெரியோர்களே, பிள்ளைக்கு இப்போது எந்தக் கம்பெனி என்று ஊராரிடம் மாற்றி மாற்றிச் சொல்லிக் களைத்த தாய்மார்களே, அடுத்த இன்டர்வியூவுக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கும் அருமைத் தம்பி தங்கைகளே! நம் கம்பெனிக்கு ஆள் பிடித்தே அலுத்துப்போன எச்.ஆரின் வணக்கம்.

'திறமைசாலிகளைப் பிடிப்பது எப்படி, பிடித்தவர்களைத் தக்கவைப்பது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எனக்குத் தெரியாது ஐயா! சிரிக்காதீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இதே வேலை, நிஜமாகவே தெரியாது.

ஆறு மாதம் முன்பு ஒரு புரோகிராமர். எல்லாக் கம்பெனியும் தேடும் கெட்டிக்காரர். விலை பேசினோம், வலை வீசினோம், விடாமல் வேண்டினோம். கடைசியில் கேட்டார்: "ஜன்னலோர சீட் கிடைக்குமா?" கிடைக்கும் என்றேன். யாருடைய சீட்? ஒன்பது ஆண்டுகளாக நம் பில்லிங் மென்பொருளைக் கட்டிக் காக்கும் அக்காவின் சீட்! "கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா" என்றேன். தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு பிரிண்டர் பக்கம் போனார்.

சேரும் நாள் வந்தது. பூங்கொத்து வந்தது, புது லேப்டாப் வந்தது, பெயர்ப்பலகை வந்தது. அவர் வந்தாரா? "சாரி சார், வேற இடத்துல சேர்ந்துட்டேன்" என்று போன்தான் வந்தது.

அதன் பிறகாவது அக்காவைக் கூப்பிட்டேனா? இல்லை! அடுத்து வருபவருக்கு ஆசை காட்ட அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தேன். வராதவருக்கு வாசலில் வரவேற்பு. வந்தமர்ந்தவருக்கு ஒரு வாய்வார்த்தை உண்டா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன். என்ன, பின்வரிசையில்? "நீங்க மட்டுமா சார்" என்கிறீர்களா? நன்றி தம்பி. ஆனால் தள்ளி உட்காரச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

போன மாதம் அக்கா ராஜினாமா கொடுத்தார். ஓடினேன். சம்பளம் என்றேன், பதவி என்றேன், ஜன்னல் என்றேன். "நான் இங்க இருக்கேன்னு லெட்டர் குடுத்த அப்புறம்தான் தெரியுதா சார்?" என்றார். வெட்கமாக இருக்கிறது.

இன்று அவருக்குக் கடைசி நாள். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். காலையில் அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டேன். அக்காவின் கம்ப்யூட்டரை நானே சுமந்து ஜன்னலோரம் வைத்தேன். போகாதீர்கள் என்று கெஞ்ச எனக்கு வாயில்லை அக்கா. மாலைவரையாவது உங்கள் இடத்தில் உட்காருங்கள்.

என்ன அக்கா? கொஞ்சம் சத்தமாக... "செடி எங்க சார்?"

செடி! பிரிண்டர் பக்கமே விட்டுவிட்டேன். பார்த்தீர்களா பெரியோர்களே, இன்றைக்கும்! தலைவர் மன்னிக்க வேண்டும், நான் மாடி ஆபீசுக்குப் போய் எடுத்து வருகிறேன். இனி வரப்போகிறவர்களுக்கு என் வணக்கம். இத்தனை நாள் இருந்தவர்களுக்கு, தாமதமாக, என் நன்றி.