மாத்திரைக்கு உள்ளே இருந்தது

சின்ன எழுத்தைப் படிக்காமல் எந்தப் பொருளையும் வீட்டுக்குள் விடாதவன் நான். கடிகாரம் பழுதுபார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான், ஐயா? பிறர் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் எனக்குச் சோறு போடுகிறது.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள்மேல் எனக்கு உயிர். படுக்கையை விட்டே எழுந்திருக்காமல் கிடந்தவளை மனைவிதான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை, பட்டறைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இளவயதினர் சிலருக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

மருத்துவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படி ஆகாதுங்க. மொதல்ல கொஞ்ச வாரம் கூடவே இருந்து கவனிச்சுக்குங்க. என்கிட்ட சொல்லாம மட்டும் நிறுத்திடாதீங்க," என்றார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் சந்தேகப்பட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப நான் என்ன குழந்தையா?

கொஞ்ச நாளில் தேறினாள். தானாகவே தலைவாரிக்கொண்டாள். என் கிண்டலுக்குச் சிரித்தாள். மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ, சிரிப்பது மகளா மருந்தா என்று பிடிபடவில்லை. மறுநாள் அந்த மாத்திரைப் புட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு கேப்சூல் கூடாகத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டுப் பொடித்த சர்க்கரையை நிரப்பினேன். தொழில் பழகிய கை. ஒன்றுகூட நசுங்கவில்லை.

அவள் மறுபடியும் படுத்துவிட்டாள். மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டினார். புதுப் புட்டியையும் நான் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, மாத்திரைக்கே சரியாகலன்னா, இனிமே எனக்கு எதுவுமே கேக்காதுல்ல?"

"போகப் போக சரியாயிடும்மா," என்று தண்ணீரை நகர்த்தி வைத்தேன். நம்பி விழுங்கினாள். அந்த வாரமே தன்னை மாய்த்துக்கொண்டாள்.

மாத்திரைதான் கொன்றது என்று மருத்துவர்மேல் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவனும் நான்தான். மனைவி அதை அப்படியே நம்புகிறாள். பாவம், திட்டி அழ அவளுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

இப்போது பரிசோதனை முடிவை என் முன்னால் வைக்கிறீர்கள். அவள் ரத்தத்தில் அந்த மருந்தின் சுவடே இல்லை என்கிறீர்கள். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, ஐயா. கடைசிவரை அந்த விஷம் என் பிள்ளையை அண்டாமல் காப்பாற்றியிருக்கிறேன்.