ஸ்டோர் அடுப்புல வெந்த பரங்கிக்காய்

"ஹலோ... ஹலோ... யாரு?... சத்தமாப் பேசுங்க, இங்கன டவரு ஒழுங்கா எடுக்காது... யாரு?... அட, மதினியா!"

யாருன்னு தெரியாமக் கேட்டாள்னு நெனச்சுறாதீங்க. உமாதேவி மதினின்னு செல்லுல பேரு பளிச்சுன்னு வந்துச்சு. ஜோதிலட்சுமி அதை நல்லாப் பாத்துட்டுத்தான் பச்சையத் தொட்டா. உமாதேவி, இவ புருசன் சீனிச்சாமி கூடப் பொறந்த அக்கா. மேகமலையில ஒரு எஸ்டேட் பங்களாவுல சமையல்காரி. போன ஐப்பசிக்கு அப்பறம் ஒரு நாளாவது இவளுக்குப் போன் போட்டிருப்பாளா? இன்னைக்கு மத்தியானச் சோத்து நேரத்துல கூப்பிடுறா.

"நானா? சும்மாதான் மதினி இருக்கேன். சாப்பிட உக்காந்தேன்... பரவால்ல, பரவால்ல, சொல்லுங்க... ஆமா... ஆமா... எந்தச் சென்னைக்காரக? பாலு ஆகாது, நெய்யி ஆகாது, தயிரு, தேனு எதையும் தொடமாட்டோம்னாகளே, அவகளா?... மறுபடி வந்திருக்காகளா!... ஞாபகம் இல்லாமயா? நல்லா ஞாபகம் இருக்கு... ஓகோ. வந்ததும் வராததுமாப் பரங்கிக்காய்தான் கேட்டாகளா..."

ஏலக்கா காயவைக்கிற ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு பாறை. ஜோதி அது மேலதான் சம்மணம் போட்டு உக்காந்திருந்தா. முன்னாடி வாழை இலை. இலையில அப்பத்தான் ஸ்டோர் அடுப்புச் சாம்பல்ல இருந்து உருட்டி எடுத்த முழுப் பரங்கிக்காய் ஒண்ணு, கன்னங்கரேல்னு. சுத்தி கருத்தம்மாவும், கூட ஏலக்கா எடுக்கிற பொம்பளைக மூணு பேரும். கருத்தம்மா அகப்பைக் காம்பால ஒரு குத்து விட்டா. காய் ரெண்டா விரிஞ்சு, ஆவி குபீர்னு எந்திரிச்சுச்சு.

"என்ன சத்தமா? ஒண்ணுமில்ல மதினி, இங்கன பொம்பளைக வெளையாடுறாக... நீங்க சொல்லுங்க... கொழகொழன்னு போச்சா? ஐயையோ!... ஓவன்ல வச்சீகளா... தண்ணி விட்டுருச்சா... ம்... ம்... ருசியே இல்லையா... அடப்பாவமே!"

அந்த அடப்பாவமேயைச் சொல்றப்ப அவ மொகத்தப் பாக்கணுமே! தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்தவ கணக்கா இருந்துச்சு.

ஏன் இருக்காது? போன வருசம் இதே விருந்தாளிக வந்தப்ப, ஒத்தாசைக்குன்னு மதினியும் இவளும் சேந்துதான் பங்களா அடுப்படிக்குப் போனாக. பரங்கிக்காய் ஜோதி செஞ்சது. விடியுமுன்ன இந்த ஸ்டோர் அடுப்புல சுட்டு, கூடையில சுமந்துட்டுப் போயி, அங்கன மசாலா தடவி வச்சா. விருந்தாளிக வழிச்சு நக்கிட்டாக. பங்களா முதலாளியம்மா ஜெபமணி நேரா அடுப்படிக்கே வந்து, இதைச் செஞ்சவதான் இனிமே இங்க சமையலுக்குன்னு சொன்னாக. ஜோதி வாயத் தொறக்குமுன்ன மதினி முந்திக்கிட்டா. "நாந்தாம்மா செஞ்சேன். இது பாத்திரம் கழுவ வந்த பிள்ளை." சமையல் வேலையைத் தட்டிக்கிட்டதோட விட்டாளா? பொழுது சாய வீட்டுக்குக் கெளம்புறப்ப, மிஞ்சின தோலை ஒரு கேரிபேக்குல கட்டி ஜோதி கையில குடுத்து, ஆட்டுக்குப் போட்டுருன்னு அனுப்பினா. ஜோதிக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சது. இன்னும் அணையல.

"சரி, சரி, அழுகாதீக. ஒவ்வொண்ணாக் கேக்குறேன், சொல்லுங்க. மசாலாவுக்கு என்ன அரைச்சீக?... பச்சை மெளகு... காந்தாரி மொளகா... இஞ்சி, ஏலக்கா... சரி... தேங்காப்பால் மொதப் பால்தானே?... சரி. வெதைய வறுத்து மேல தூவுனீகளா?... எல்லாம் சரியாத்தான் இருக்கு மதினி. பக்கத்துல நின்னு பாத்தீகளே, மறந்தா போகும்?"

பேசிக்கிட்டே அவளும் அதே மசாலாவை அதே மாதிரி காய்க்குள்ள வழிச்சு ஊத்தினா. எலுமிச்சங்காயைப் பிழிஞ்சா. கையக் காட்டுனதுதான் தாமசம், நாலு பேரும் பாஞ்சாக.

"காயி எப்படி?... குட்டிக் காயி, நாட்டுக்காயி... நல்லது. நெறைய வாங்குனீகளா?... ஒரு சாக்கா! அப்பறம் என்னத்துக்குப் பயப்படுறீக? ஒண்ணு கெட்டா இன்னொண்ணு... இருங்க. இதை நல்லாப் பாத்துச் சொல்லுங்க. முழுசா ஒரு காயாச்சும் இருக்கா?... ஒண்ணுகூடவா?... சாக்கை ஒதறிப் பாருங்க... எல்லாத்தையும் வெட்டியாச்சா! யாரு வெட்டுனா?... டிரைவரா? காலையிலயேவா?"

இந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. வேகாத முழுப் பரங்கிக்காயைப் பொம்பளை உடைக்கக் கூடாது; வெந்ததுக்கு இந்தக் கட்டு இல்ல. ஆம்பளை ஒருத்தன் மொத வெட்டு வெட்டிக் குடுக்கணும். அப்பறந்தான் பொம்பளை அருவாமனையில வைக்கலாம். அதனால வீட்ல ஒரு ஆம்பளை தட்டுப்பட்டா, அவன் செருப்பை மாட்டுறதுக்குள்ள இருக்கிற காயெல்லாம் வெட்டி வாங்கிக்கிறது எல்லாரும் செய்றதுதான். உமாதேவியும் அதைத்தான் செஞ்சிருக்கா. ஜோதிக்கு வேண்டியதும் அதுதான்.

"தப்பே இல்ல மதினி. அவன் ஜீப்பை எடுத்துக்கிட்டுச் சின்னமனூருக்கு எறங்கிட்டா அப்பறம் ஆம்பளைக்கு எங்க போவீக? நல்ல வேலை செஞ்சீக... ம்... என்ன செய்யணுமா? சொல்றேன், கேளுங்க. அந்தக் காயை வெட்டவே கூடாது... ஆமா, வெட்டவே கூடாது! முழுக் காயிக்கு நல்லெண்ணெயும் உப்பும் தடவி, காம்பைச் சுத்தி ஊசியால நாலு குத்து குத்தி, ஸ்டோர் அடுப்புச் சாம்பல்ல பொதைச்சு வச்சுறணும். அதுபாட்டுக்கு வேகும். அதோட தண்ணி அதுக்குள்ளயே சுண்டி இனிப்பா எறங்கும். வெந்தப்பறந்தான் தொறக்கணும்... வெட்டுன காயைச் சேக்க முடியுமாவா? கோந்து போட்டு ஒட்டிப் பாருங்க."

கருத்தம்மாவுக்குப் பொரை ஏறிருச்சு. ஜோதி அவ தலையத் தட்டிவிட்டா.

"ஏன் சொல்லலையா? கேட்டீகளா?... இப்பச் சத்தம் போடாதீக. பாத்திரம் கழுவ வந்தவகிட்ட யாராச்சும் பக்குவம் கேப்பாகளா? நான் கூடையில கொண்டாந்தப்பக்கூட, ஏன் இது கருப்பா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல நீங்க... ஆமா, இப்பவும் ஸ்டோர்லதான் இருக்கேன். ஏலக்கா சீசன், அடுப்பு எரியுது... இங்கனயா? இருந்துச்சு, ஒண்ணு வெந்துச்சு. காலையில போட்டது..."

அந்தப் பக்கம் எப்படிப் பேச்சு மாறியிருக்கும்னு பாத்துக்கங்க. ஜோதி செல்லைக் காதுல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டு இன்னொரு வாய் அள்ளிப் போட்டா. இலையில பாதிக்கு மேல காலி.

"ம்... ம்... என் ராசாத்தியா? இது எப்ப இருந்து மதினி?... சீனிச்சாமி மேல சத்தியமா? அவரை எதுக்கு இழுக்குறீக, அவரு பாவம்... டிரைவர் ஏறி வந்துக்கிட்டிருக்கானா? ஸ்டோர் வழியாத்தான் வரணும், வரட்டும்... எனக்கு என்ன வேணுமா? ஒண்ணும் வேணாம் மதினி. ஒரே ஒரு வார்த்தை. விருந்தாளிக எங்க இருக்காக?... முதலாளியம்மாவும் கூடத்தானா? நேரா அங்கன போங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. போன வருசம் செஞ்சது ஜோதிலட்சுமி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க... மானம் போகுமா? எனக்குப் போச்சே, அப்ப எங்க இருந்தீக?... சரி, வேணாம்னா வச்சிருங்க. கொழகொழப்பைக் கரண்டியில மோந்து ஊத்துங்க... ம்... போறீகளா? போங்க. நான் இருக்கேன்."

நடக்கிற சத்தம் கேட்டுச்சு. கதவு. தட்டு, டம்ளர் சத்தம். அப்பறம் எல்லாம் அடங்கிப்போச்சு. பாறையில இருந்த பொம்பளைகளும் மெல்லுறதை நிப்பாட்டிட்டாக. ஜோதி ஒரு கையால சேலை முந்தியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

உமாதேவி சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா சொன்னா.

"ஹலோ... மதினி, இங்கன டவரு இல்ல, ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் சத்தமா?..."

ரெண்டாந்தடவை நல்லாவே கேட்டுச்சு. ஜோதிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு, சனியன். பொறங்கையால தொடச்சா.

"ம். இப்பக் கேட்டுச்சு... யாரு?... அம்மா! வணக்கம்மா... ஆமாம்மா, ஜோதிலட்சுமிதான்... ஆமாம்மா, நாந்தான்... இல்லம்மா, நான் என்னத்தைச் சொல்ல, பெரியவக பேசுறப்ப... திங்கக்கெழமையா? வாரேம்மா. ஆனா பாத்திரம் கழுவ மட்டும் வேற ஆளு வச்சுக்கங்கம்மா... மதினியா? அது நீங்க பேசிக்கங்க. எனக்கு மதினி முறை, நான் எப்படிம்மா சொல்ல முடியும்?... சரிம்மா... அவககிட்டயே குடுங்க."

பாதைத் திருப்பத்துல ஜீப்பு ஹாரன் அடிச்சுச்சு. கருத்தம்மா இலையைப் பாத்தா, ஜோதியைப் பாத்தா, வாயில துணியை அடைச்சுக்கிட்டா.

"மதினி... ஆமா, ஜீப்பு வந்துருச்சு, இந்தா நிக்குறான்... பரங்கிக்காயா? சாப்பிட்டாச்சே... நெசமாத்தான். போனை எடுத்தவுடனே சொன்னேனே, சாப்பிட உக்காந்தேன்னு... குடுத்துவிடுறேன்னு நான் எப்பச் சொன்னேன்? இருந்துச்சுன்னேன், வெந்துச்சுன்னேன்... கத்தாதீக மதினி, விருந்தாளிக இருக்காக... ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தோலு இருக்கு. ஒரு கேரிபேக்குல கட்டி டிரைவர்கிட்டக் குடுக்குறேன். நம்ம ஆட்டைத்தான் சித்திரையிலேயே வித்துட்டோம், அதனால நீங்களே... ஹலோ?... ஹலோ? மதினி?"

ஜோதி செல்லைத் திருப்பிப் பாத்தா. டவரு ஒரு கோடு கொறையாம முழுசா இருந்துச்சு.