முடிவு பார்க்காத படங்கள்

— அந்த டாக்டர் நல்லவருங்க. அவரப் போயி கொலகாரன்னு சொல்றீங்களே!

— சிவசக்தி, அவன்தானுங்க கொலகாரன். சொல்லப் போனா, மூணு கொலையும் அவன் பண்ணுனதுதான்.

— மூணா? நான் பாத்த வரைக்கும் ரெண்டுதானுங்க.

— மூணாவது கடைசியில வருது. நர்ஸு.

— அய்யோ, அந்த நர்ஸுமா? அவள டாக்டர் கட்டிக்குவாருன்னுல்ல நெனச்சிருந்தேன். எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைங்க அத்தன பேருகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். ராணியக்கா அழுதே போச்சு.

— நீங்க படத்தப் பாத்தீங்களா, போஸ்டரப் பாத்தீங்களா?

— ஏனுங்க கோகுல், பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படியா நக்கலடிக்கறது?

— நக்கல் இல்லீங்க. தனியாப் பேசிட்டு வாங்கன்னு உள்ள இருந்து தொரத்தி உட்டுட்டாங்க. என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் சினிமாவ எடுத்தேன். நீங்க என்னடான்னா பாதிப் படத்த வெச்சுக்கிட்டு சண்டைக்கு வர்றீங்க.

— பாதி இல்லீங்க. முக்காலே மூணு வீசம் பாத்துட்டேன். கடைசிதான் பாக்கல.

— ஏன், தூங்கிட்டீங்களா?

— பஸ்ஸுங்க. ஏற்காட்டுல இருந்து நம்ம ஊரு வாழவந்திக்குக் கடைசி பஸ்ஸப் புடிக்கோணும்னா, சேலத்துல வில்லன் துப்பாக்கியத் தூக்கறப்பவே நான் செருப்ப மாட்டோணும்.

— எல்லாப் படத்துக்குமா?

— எல்லாத்துக்கும்தான். மிளகு விக்கச் சேலம் போற அன்னிக்குத்தான் எனக்குச் சினிமா. கடையில எட போட்டு முடிச்சு ஓடுனா, மத்தியான ஆட்டம்தான் கெடைக்கும்.

— போன்ல பாக்கலாமே?

— உங்க போன எடுத்துப் பாருங்க.

— ஒரு கோடு கூட இல்லீங்களே.

— அதான்.

— அப்ப முடிவு?

— நானே வெச்சுக்குவேன். பஸ்ஸு ஒவ்வொரு வளைவாத் திரும்பத் திரும்ப யோசிச்சு, ஏற்காடு வர்றதுக்குள்ள படத்த முடிச்சுருவேன்.

— நல்ல ஆளுங்க நீங்க. அந்த லாரிக்காரன் படத்துக்கு என்ன முடிவு வெச்சீங்க?

— பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போறாளே, அதானுங்களே? அவ லாரி ஓட்டக் கத்துக்கிட்டு, அவன் லாரியவே எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

— படத்துல அவ திரும்பி வந்து அவன் கால்ல உழறாளுங்க.

— கால்லயா? இவளா? ஏனுங்க, அந்த லாரியே அவ நகைய அடகு வெச்சு வாங்குனது. தொடக்கத்துலயே சொல்லிட்டாங்க. எடுத்தவன் மறந்துட்டான். நான் மறக்கல.

— அட, ஆமாங்க! எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது.

— அந்தப் பேய்ப் படம் பாத்தீங்களா? மலைப் பங்களாவுல நடக்குமே.

— பாத்தேன். சொல்லப் போனா, பயந்துட்டேன்.

— எதுக்குங்க பயம்? அந்தக் குளுருல ஒரு புள்ள கையில்லாத சட்ட போட்டுக்கிட்டு ராத்திரியில வெளிய நிக்கறா. பேய் வர்றதுக்கு முந்தியே சளி புடிச்சிருக்கும். அது கெடக்குது, கடைசியில பேய் யாருங்க?

— பேயே இல்லீங்க. சொத்துக்காகச் சித்தப்பன் பண்ணுன வேல.

— த்தூ! இதுக்கா நான் ஒரு வாரம் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன்?

— நீங்க வெக்கற முடிவே நொம்ப நல்லாருக்குதுங்க. அதோட உட்ருங்களேன்.

— நான் வெச்சதுல எனக்குத் தெரியாதது எதுவும் வராதுங்களே. அதுல என்ன இருக்குது? பாதியில எந்திரிக்கறப்போ வரிசையில இருக்கறவிங்க காலத் தாண்டி வரோணும். மறைக்காதம்மான்னு வைவாங்க. கதவுகிட்ட நின்னு ஒரு தடவ திரும்பிப் பாப்பேன். அத்தன பேரு மூஞ்சியிலயும் வெளிச்சம் அடிக்கும். ஒருத்தரும் கண்ணச் சிமிட்ட மாட்டாங்க. அவிங்க என்னத்தப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது.

— அவ்வளவு ஆசைங்களா?

— எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. இதுக்கு முந்தி வந்தவிங்க எல்லாம் மலைக்காரங்க. நல்லவிங்கதான். வேண்டாம்னுட்டேன். உங்க ஊடு அடிவாரம்னு தரகரு சொன்னப்பறம்தான் போட்டோவையே கையில வாங்குனேன்.

— போட்டோ எப்படிங்க இருந்துச்சு?

— பரவால்லீங்க.

— பரவால்லையா?

— மூக்கு கொஞ்சம் பெருசு. அது இருக்கட்டும், இதச் சொல்லுங்க. படம் முடிஞ்சு, லைட்டப் போட்டு, எல்லாரும் போனப்பறம் மெதுவா எந்திரிச்சு வந்தாலும் அடிவாரத்துக்கு பஸ்ஸு இருக்குமுங்களா?

— அது டவுன் பஸ்ஸுங்க. வந்துக்கிட்டே இருக்கும்.

— போதும். எனக்குச் சம்மதம். நகை, சேலைன்னு எதுவும் கேக்க மாட்டேன். வேலைக்கும் போவேன். ஒக்காந்தா படம் முடியாம எந்திரிக்க மாட்டேன், அவ்வளவுதான். உள்ள போயிச் சொல்லிரலாமுங்களா?

— இருங்க சிவசக்தி. ஒண்ணு சொல்லோணும்.

— வேற பொண்ணா?

— அதெல்லாம் இல்லீங்க. வேலைய உட்டுட்டேன்.

— மில்லுல நைட் ஷிப்டுன்னு தரகரு சொன்னாரே, அந்த வேலையா?

— அதேதான். பகல்ல பொணமாட்டம் தூங்கி, ராத்திரி பேயாட்டம் முழிச்சு, போதும்னு வந்துட்டேன். ஊட்டுல இன்னும் சொல்லல. எங்க தாத்தன் இதே மலையில, தலைச்சோலையில போட்டுட்டு வந்த காடு சும்மாதான் கெடக்குது. அங்கயே ஊடு கட்டிக் காப்பிச் செடி வெக்கலாம்னு இருக்கேன். எனக்கு அந்த வெவசாயம் தெரியாது. சொல்லப் போனா, அதுக்காகத்தான் மலைப் பொண்ணாப் பாருங்கன்னு நானே தரகருகிட்ட சொன்னேன்.

— அப்ப நீங்க மேல வர்றீங்க.

— ஆமாங்க.

— நான் கீழ எறங்கலாம்னு நிக்கறேன்.

— கோவமுங்களா?

— கோவப்பட்டு என்ன பண்றது? அந்த அடிவாரத்து ஊட்டப் பூட்டிருவீங்களா?

— எதுக்குப் பூட்டறது? தம்பி தினேஷு இருக்கறானே. அவன் சேலத்த உட்டு ஒரு அடி நகர மாட்டான். மலைன்னாலே அவனுக்கு வாந்தி. அதனாலதான் இன்னிக்குக் கூட வரல.

— அவரு படம் பாப்பாருங்களா?

— புதுப் படம் வந்தா மொத ஆட்டத்துல நிப்பான். எதுக்குக் கேக்கறீங்க?

— அவருக்குப் பொண்ணு பாத்துட்டாங்களா?