உண்ணி பொறுக்கும் சாயங்காலம்

எழுபதுகளில் ஒரு மத்தியானம், அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் பால்காரப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

“மாட்டு உண்ணியாலதான் எங்க வூட்டுக்காரரு என்கூட பேசறாரு.”

“இன்னாக்கா சொல்றே?”

“முன்ன பவுடர் தூவுனா உண்ணியெல்லாம் பொலபொலன்னு கொட்டும். இப்ப அந்த மருந்து அதுங்களுக்குப் பழகிப்போச்சி, எவ்ளோ போட்டாலும் சாவல. மாடு இளைச்சிப்போய் பாலும் கொறஞ்சிடுச்சி. அதான் சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் குந்திக்கினு கையாலயே பொறுக்கறோம். எங்க பொண்ணு காய்ச்சல்ல செத்துப்பூட்டதுலேர்ந்து வாயே தொறக்காத மனுசன், நேத்து அவ பேரைச் சொல்லிப் பேசுனாரு.”

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “மாட்டாஸ்பத்திரில புது மருந்து வந்துகீதாமே?” என்றாள்.

“வாங்கிட்டேன். வாயில்லா ஜீவன், அது எதுக்கு அவஸ்தைப்படணும்?”

“அப்புறம் அவரு?”

“இதைத் தண்ணில கலக்கி மாட்டைக் குளிப்பாட்ட ரெண்டு பேரு வேணும்னு டாக்டர் சொன்னதா சொல்லப்போறேன்.”

“நெஜமாவே அப்படிச் சொன்னாரா?”

“ஒருத்தர் போதும்னாரு,” என்றபடி அவள் இறங்குவதற்கு எழுந்தாள்.