மார்க் போட்டாச்சா மேடம்?

மின்விசிறியை ஒன்றில் வைத்தால் போதும், சங்கீதா மேடம். மூன்றில் வைத்திருக்கிறீர்கள், தாள் பறக்கிறது. நான் அதைப் பிடிப்பேனா, எழுதுவேனா? நான்கு வெள்ளைத்தாள் கொடுத்து, "நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க, நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஒரு பிரின்சிபால் எனக்காக வெளியே காத்திருப்பது என் பதினெட்டு வருஷ சர்வீஸில் இதுதான் முதல் தடவை. அவசரப்பட்டு எழுதினால் கையெழுத்து கோணும். நிதானமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் இந்த நர்சிங் ஸ்கூலுக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது. ஆகவே உங்களுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம், 2015-இல், இரண்டாம் வருஷப் பிள்ளைகளின் இன்டர்னல் மார்க் லிஸ்ட் ஜூலை எட்டாம் தேதியே தயாராகிவிட்டது. போர்டில் போட்டது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. நடுவில் இருபத்துநான்கு நாள் அது எங்கே இருந்தது என்பதுதானே உங்கள் கேள்வி? என் கைப்பையில் இருந்தது. டிபன் பாக்ஸுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில், ஒரு மடிப்புக்கூட விழாமல். ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. லிஸ்ட் எடுக்கும்போது தாளின் அடியில் தேதியும் சேர்ந்து அச்சாகும் என்பதையும் நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நீங்களும் நானும் இந்த நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறேன். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்து, "மார்க் போட்டாச்சா மேடம்?" என்றுதான் கேட்பார்கள். நீங்களே சொல்லுங்கள், அது எந்தப் போடுதல்? பேப்பரைத் திருத்தி மார்க் போடுவதா, லிஸ்ட்டை போர்டில் போடுவதா? நம் ஆட்கள்தான் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோமே. ஊசி போடுகிறோம், கட்டுப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம். நான் "போட்டுக்கிட்டே இருக்கேம்மா" என்பேன். அவர்கள் ஒன்றை நினைத்துக் கேட்டார்கள், நான் இன்னொன்றை நினைத்துச் சொன்னேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் முப்பது வருஷமாக ஷிஃப்ட் பார்க்கிறவர். வேலைக்குப் போவார், வந்தால் தூங்குவார். எங்கள் குவார்ட்டர்ஸில் என்னை யாராவது ஒரு கேள்வி கேட்டால் அது "சாப்பாடு போட்டாச்சா?" என்பதுதான். அதற்கு மட்டும் நான் ஒருநாளும் தாமதம் செய்ததில்லை. எங்கே எதை உடனே போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்தப் பழக்கத்தை நானாக ஆரம்பிக்கவும் இல்லை. புண்ணியம் நம் அட்டெண்டர் வீராயியைச் சேரும். 2012-இல், நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவுச் சாவியை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, அந்த அம்மா விருத்தாசலத்துக்குப் பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டார். திரும்பி வர மூன்று நாள் ஆனது. கையில் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு நான் தவித்துப்போனேன். முதல் நாள் தவித்தேன். இரண்டாம் நாள் அவ்வளவாகத் தவிக்கவில்லை. மூன்றாம் நாள் வீராயி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததைப் பார்த்ததும் எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

அந்த மூன்று நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஸ்கூல் வாசல்வரை ஒருத்தி எனக்குக் குடை பிடித்தாள். என் தண்ணீர் பாட்டில் காலியாகவே இல்லை. பத்து வருஷத்துப் பழைய வாயில் புடவையைப் பார்த்து, "புதுசா மேடம்? உங்க கலருக்கு அப்படியே தூக்குது" என்றாள் இன்னொருத்தி. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்கு முழங்கால் வலி என்பதே அவர்களுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீராயி சாவியைக் கொடுத்தார். லிஸ்ட்டைப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் வராந்தா காலி. குடை பிடித்தவள் என் தோளை இடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு சாரிகூடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் எட்டு நாள் ஆனது. அதற்கடுத்த வருஷம் பதிமூன்று. பிரசவ வார்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாத பெண் நாளைக்கு எப்படி நர்ஸ் வேலை பார்ப்பாள்? சிலபஸில் பொறுமைக்கு ஒரு பாடம் இல்லை. அதை நான் தனியாக, சம்பளம் இல்லாமல் நடத்தினேன்.

இனி எழில்மதி. உங்களுக்கு வேண்டியது இந்தப் பகுதிதான் என்று தெரியும்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து கிராமத்துப் பெண். அப்பா கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நல்ல பெண், மேடம். மற்ற பிள்ளைகள் பல்ஸ் பார்த்தால் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள், நானும் அப்படித்தான். எழில்மதி மட்டும் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுவாள். லிஸ்ட் என் பைக்குள் போன மறுநாள், மார்க் போட்டாச்சா என்று கேட்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மாதிரி சோர்ந்துகினு இருக்கீங்களே மேடம், பல்ஸ் பாக்கட்டுங்களா?" என்றாள். கையை நீட்டினேன். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, உதடு அசையாமல் எண்ணினாள். ஒரு முழு நிமிஷம். "எழுபத்தாறுங்க மேடம். நல்லாத்தான் இருக்கு."

ஒரு மனுஷர் உங்கள் கையை ஒரு முழு நிமிஷம் பிடித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். ஒருநாள் சொளை சொளையாக உரித்த பலாப்பழம் ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தாள். மூன்றாவது வாரம்தான் விஷயத்தைச் சொன்னாள். கடலூரில் ஓர் அறக்கட்டளை அவளை மூன்றாம் வருஷம் படிக்க வைப்பதாக ஒத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் வருஷ மார்க்கைப் பள்ளி முத்திரையோடு ஜூலை முப்பத்தொன்றுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "அவங்க இல்லன்னா வூட்ல நிறுத்திடுவாங்க மேடம். அப்பாவால முடியாது" என்றாள். நான் உடனே தேதியை என் மேஜைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

அப்போது இருந்த பிரின்சிபால் ஆபரேஷனுக்காகச் சென்னை போயிருந்தார். முத்திரையும் பொறுப்பும் என்னிடம் இருந்தன. எழில்மதியின் மார்க்கும் எனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்று. வகுப்பிலேயே முதல். நான் போட்ட மார்க்தான் அது. அரை மார்க்கூடக் குறைக்கவில்லை. நான் அவளுக்குக் கெடுதல் நினைத்திருந்தால் அப்படிப் போட்டிருப்பேனா?

முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. ஒன்றரை மணிக்கு வந்தாள். பின்னால் அவள் அப்பா, முதல் ஷிஃப்ட்டின் பாதியில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்தவர், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்.

"ரெண்டு மணி பஸ்ஸ புடிச்சா அஞ்சு மணிக்குள்ள கடலூர்ல குடுத்துடலாம் மேடம். லிஸ்ட் வேணாங்க. எனக்கு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி சீல் போட்டுக் குடுத்தாகூட போதும்" என்றாள்.

"ஒருத்திக்கு மட்டும் குடுத்தா மத்த பிள்ளைங்க என்ன நினைப்பாங்க? எல்லாருக்கும் சேத்து நாளைக்குப் போட்டுடறேம்மா."

"நாளைக்குன்னா முடிஞ்சிடும்ங்களே மேடம்."

நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? முப்பத்தெட்டுப் பிள்ளைகள் காத்திருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்ட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதோடு எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் படபடப்பாக இருந்தது. கையை நீட்டி, "பல்ஸ் பாரு" என்றேன். அவள் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனாலும் விரல் அசையவில்லை, எண்ணிக்கை தவறவில்லை. அன்றைக்கு நான் இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். இரண்டாவது தடவை எண்ணிக்கொண்டிருக்கும்போது மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கைப்பை என் மடியில்தான் இருந்தது.

கொளஞ்சியப்பன் உள்ளே எட்டிப் பார்த்து, "வா பாப்பா. படிச்சவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். என்னைப் பார்த்துக் கும்பிடவும் செய்தார். இதை நான் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் சொன்னபடி லிஸ்ட்டைப் போட்டேன். வாக்கு மாறவில்லை. முப்பத்தேழு பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள், பத்து நிமிஷத்தில் கலைந்தார்கள். எழில்மதி வரவில்லை. மூன்றாம் வருஷ வகுப்பு தொடங்கியபோதும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் வீராயிதான் சொன்னார், "அந்தப் பொண்ணு வடலூர்ல ஜவுளிக்கடைல நின்னுகினு இருக்குதும்மா" என்று.

இந்த ஆகஸ்ட்டோடு ஒரு வருஷம் முடிகிறது. அந்த அறக்கட்டளைக்காரர்கள், போன வருஷம் ஒத்துக்கொண்ட பெண் ஏன் வரவில்லை என்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்காவிட்டால் இது ஒரு பேச்சே இல்லை.

அவளை நான் கைவிட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வடலூருக்குப் பஸ் ஏறுகிறேன். புடவைப் பிரிவில்தான் நிற்கிறாள். நாள் பூராவும் நிற்கிற வேலை, கால் வீங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரிப்பாள். "எடுத்துப் போடும்மா" என்பேன். பருத்தி, பட்டு, பூனம், எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் போடுவாள். ஒரு மணி நேரம் பார்ப்பேன். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்று எழுந்துவிடுவேன். அத்தனையையும் அவள் மறுபடி மடிக்க வேண்டும். மடிப்பு மாறாமல் மடிப்பாள். நான் கற்றுக்கொடுத்த பெட் மேக்கிங் வீண் போகவில்லை.

நடுவில் ஒரு தடவை மணிக்கட்டை நீட்டுவேன். சூப்பர்வைசர் முறைத்தாலும் பரவாயில்லை என்று பார்ப்பாள். ஒரு முழு நிமிஷம். இன்றுவரை பெருக்கல் கணக்குக்குப் போகவில்லை, மேடம்.

போன ஞாயிறு எண்ணி முடித்துவிட்டு, கையை விடாமலே கேட்டாள். "மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? எனக்கு எவ்ளோ மார்க்குங்க? நான் லிஸ்ட்டே பாக்கலையே. பெயிலாத்தான் ஆயிருப்பேன்னு வூட்ல சொல்லிகினு இருக்காங்க. அதான் தெரிஞ்சிகிட்டா போதும்ங்க."

தொண்ணூற்றொன்று. நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் வந்துவிடும். ஆனால் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்னிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது?

"லிஸ்ட் ஸ்கூல்ல இருக்கும்மா. அடுத்த வாரம் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

நான்காவது தாளும் முடியப்போகிறது. கதவின் கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நிற்பது தெரிகிறது. இதற்குள் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டீர்கள். கடைசித் தடவை, "முடிஞ்சுதா மேடம்? காபி ஏதாவது சொல்லட்டுமா?" என்று கேட்டீர்கள். வந்த நாளிலிருந்து நீங்கள் என்னைக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டது இன்றைக்குத்தான். கொஞ்சம் சர்க்கரை குறைவாகச் சொல்லுங்கள்.

கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன், தேதி தெரிந்துதான் செய்தேன், பஸ் போன சத்தம் கேட்டுத்தான் செய்தேன். இனி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் பிழை திருத்தாமல் ஒரு தாளைக் கையைவிட்டு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. இப்போதைக்கு என் கைப்பையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். கசங்காது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, மேடம். நாளைக்குப் போட்டுவிடுகிறேன்.