சாயங்காலத்துல மட்டும் வர்ற எரைச்சல்

…இப்ப கேக்குதா உனுக்கு? கேக்கல இல்ல. அதான் தம்பி நானும் சொல்றேன், இந்த ரெக்கார்டு பொட்டியோட எரைச்சலு பகல்ல வராது. பொழுது சாயணும். எங்க ஊட்டுக்காரரு மில்லுல ஷிப்டு முடிச்சி வந்து, கை கால் கழுவிகினு, ரெக்கார்ட தொடச்சி வெச்சி முள்ள எறக்குவாரு பாரு, அப்ப ஆரம்பிக்கும். ம்ம்ம்ம்னு. பொட்டிக்குள்ள வண்டு பூந்துகின மாதிரி. பாட்டு ஒரு பக்கம் போவும், அது ஒரு பக்கம் போவும். இத்த மெக்கானிக்கு வந்து பாக்கறப்போ மட்டும் ஒழுங்கா பாடுது, நான் இன்னா செய்யட்டும்?

நீ பாட்டுக்கு வேலையப் பாரு, நான் பாட்டுக்கு பேசிகினு கீறேன். பின்னால தகரத்த கழட்டிட்டியா? அய்ய, உள்ள இவ்ளோ தூசியா. தொடைக்கலாம்னா எங்க, கிட்டப் போனாலே கத்துவாரு. தொடாத, தொடாதன்னு. கொழந்தைக்கு அம்மை போட்ட ஊடு மாதிரி ஆயிப்போச்சி.

பழவேற்காட்டுல ஜவுளி வெச்சினு கீறாரே கமால் பாயி, அவராண்ட வாங்கினது இது. அவரு மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தாராம். வாங்கின புதுசுல சும்மா சொல்லக் கூடாது, தேனு மாதிரி பாடுச்சி. கொஞ்ச நாளாத்தான் இந்த ரோதனை. எதிர் ஊட்டு துலுக்காணம் கீறாரு இல்ல, இவரு கூட மில்லுல வேலை செய்யறவரு, அவரு சொல்றாரு, சாயங்காலம் ஊரே லைட்டு போடுது, கரண்ட்டு எளைச்சிப்போயி மொனகுதுன்னு. இன்னொருத்தரு டியூப் லைட்ட அணைச்சிப் பாருன்னாரு. அணைச்சிட்டு எல்லாரும் இருட்டுல குந்தினு பாட்டு கேட்டாங்க தம்பி, திருடப் போறவங்க கணக்கா. பிளக்க திருப்பி சொருவிப் பாத்தாங்க. உனுக்கு முன்ன ஒரு மெக்கானிக்கு வந்தான், கண்டென்சரு பூட்ச்சின்னு மாத்தினான். அப்பவும் வருதேன்னு கேட்டா, செட்டு கெழக்க பாத்து இருந்தா வராதுன்னுட்டு பூட்டான். இவரும் அத்த நம்பி பீரோவ நவுத்தி, பெஞ்ச நவுத்தி… என் அரிசி டின்னு இன்னும் வாசல்ல தான் கீது, பாத்துகினு தான வந்த?

இத்தக் கேளு. ஒரு நாளு தற்செயலா அந்தத் தகரத்து மேல கைய வெச்சாரு. எரைச்சல் கொறைஞ்சிடுச்சி. கைய எடுத்தாரு, வந்துடுச்சி. அன்னியிலருந்து பாட்டு முடியிற வரைக்கும் கைய வெச்சினே குந்தினு கீறாரு, மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவரு மாதிரி. டீய இன்னொரு கையில வாங்கி குடிக்கிறாரு. கை மரத்துப்போச்சின்னா துலுக்காணம் மாத்தி வெப்பாரு.

சிரிப்பா கீது இல்ல? எனுக்கு வவுறு எரியுது. இன்னியோட கடைசியாம். அவரு அண்ணன், எங்க மச்சாண்டாரு, எளாவூர்ல லாரி வெச்சினு கீறாரு. நீ பாத்தும் இது அடங்கலன்னா இன்னிக்கே லாரில ஏத்திகினு பூடுவாரு. அவங்க ஊட்டுல வெச்சா எரைச்சல் வராதாம். இவரும் எடுத்துகினு போ அண்ணேன்னுட்டாரு. நேத்துல இருந்து எனுக்கு சோறு எறங்கல.

இன்னா? எர்த்து ஒயரா? தோ, ஜன்னல் வழியா வெளிய போவுது பாரு. பின்னால அடிபம்பு பைப்புல சுத்தி கட்டி கீறாரு. அதெல்லாம் நல்லாத்தான் கீது. தெனம் காலையில போயி இழுத்துப் பாத்துட்டுத்தான் வேலைக்கே போறாரு. சாயங்காலமா… சாயங்காலம் எப்பிடி பாப்பாரு? இந்த லைன்ல கீற ஊட்டு பொம்பளைங்க எல்லாம் அப்பதான் பம்பாண்ட தண்ணி அடிப்போம், குளிப்போம். ஆம்பளைங்க அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டாங்க. எவனாச்சும் எட்டிப் பாத்தான்னா பக்கத்து ஊட்டு கோவிந்தம்மாக்கா வாளியாலயே போடும். ஊருக்கே தெரியும் அது.

எங்க எழுந்துகின? அங்க ஒண்ணும் இல்ல தம்பி. சேறு. வழுக்கும். டீ ஆறுது பாரு… தம்பி… சொல்லிகினே கீறேன், இவன் பாட்டுக்கு போறான்.

…பாத்துட்டியா? இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பாக்குற? ஒயரு முனை பளபளன்னு கீதா? பைப்பு பூரா பாசி, அந்த ஒரு எடம் மட்டும் தேய்ஞ்சி கீதா? தெனம் அவுத்து தெனம் கட்டினா பளபளக்காம இன்னா செய்யும்.

சரி, நான்தான். போதுமா? குடத்த எடுத்துகினு போறப்போ அவுத்து வுட்டுடுவேன். காலையில அவரு எழுந்துக்கறதுக்கு முன்ன சுத்தி வெச்சிடுவேன். மொதல்ல வேணும்னு செய்யல, சத்தியமா. ஒரு நாளு குடம் மாட்டி அதுவா அவுந்துகிச்சி. உள்ள வந்து பாத்தா பொட்டி மொனகுது, பாட்டு கேக்க வந்தவங்க ஒருத்தரு மூஞ்சிலயும் ஈ ஆடல. எல்லாரும் சீக்கிரமே எழுந்து அவங்கவங்க ஊட்டுக்கு பூட்டாங்க. எனுக்கு சாமி வரம் குடுத்த மாதிரி இருந்துச்சி.

ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டியா? கீறதே ஒரே ரூமு. பொழுது சாஞ்சா பாதி மில்லு இங்கதான் குந்தினு கீது. டீ, வடை, மறுபடி டீ. எனுக்கு வெளிய தாவாரத்துல அடுப்பாண்ட தான் எடம். செவுத்துல காத வெச்சினு கேப்பேன். அதுலயும் ஒருத்தரு தொடையில தாளம் போடுவாரு, துலுக்காணம் கூடவே பாடுவாரு. அந்தாளு பாட்டுக்கு அந்த எரைச்சலே தேவலாம்.

பகல்ல நானே போட்டு கேப்பேன் தம்பி. அவராண்ட சொல்லிடாத. எரைச்சலும் இருக்காது, எவனும் இருக்க மாட்டான். அப்பிடி பாடும். கேட்டு முடிச்சா எனுக்கு அழுகையா வரும். பாட்டுக்காவ இல்ல. இத்த தூக்கியாந்து எறக்கின அன்னிக்கி அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? சந்திரா, நீயும் நானும் தெனம் சாயங்காலம் குந்தினு கேக்கலாம்னாரு. ஒரு நாளு கேட்டோம். ஒரே ஒரு நாளு. மறுநாளு துலுக்காணம் வந்தாரு, அதோட சரி. எனுக்கு ஆத்தாமையா இருக்காதா, நீயே சொல்லு.

இப்ப நல்லா மாட்டிகினேன். ஒயர அவுத்து வுட்டா செட்டு எளாவூருக்கு பூடும். செட்டு போனா இவரும் வேலை வுட்டதும் அது பின்னாலயே எளாவூருக்கு சைக்கிள மிதிப்பாரு, எனுக்குத் தெரியாதா? கட்டி வெச்சா கூட்டம் கூடிடும், நான் வடை சுட்டே சாவணும். ரெண்டு பக்கமும் பேஜாரு.

அதனால நீ ஒண்ணு பண்ணு. ஒயர நல்லா முறுக்கி கட்டிடு. நான் தொடல, போதுமா. ஆனா அவராண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. இது வால்வு செட்டு, எதிருல ரெண்டு பேருக்கு மேல குந்தினா திரும்ப மொனக ஆரம்பிச்சிடும்னு சொல்லு. நம்புவாரு. மெக்கானிக்கு வாயில இன்னா வந்தாலும் நம்புவாரு.

சொல்றியா? நீ நல்லா இருப்ப. இந்தா, வடைய எடுத்துக்கோ.

இன்னா கேக்குற? அந்த ரெண்டு பேரு யாரு யாருன்னு அவரு கேட்டா இன்னா சொல்றதா?

…சொல்லாத. நீ ஒண்ணும் சொல்லாத. அவரே யோசிக்கட்டும். யோசிச்சி, வாசல்ல நின்னுகினு துலுக்காணத்த கூப்ட்டாருன்னு வெச்சிக்கோ… பம்பு எங்க கீதுன்னு எனுக்குத் தெரியும்.